முருகைத் தொட்டிக்குச் சுண்ணாம்பும் அப்பச்சோடாவும்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலைக்குப் பக்கத்துத் தீவான புறாமலையில் போட்டிலிருந்து இறங்கிச் செருப்பில்லாமல் நடந்தவர்களுக்கு அந்தக் கரை மறந்திருக்காது. முறிந்த முருகைத் துண்டுகள் மணலோடு கலந்து கிடந்து உள்ளங்காலைக் குத்தும். விரல் தடிப்பில் கிளைகள், தேன்கூடு மாதிரிக் குழி விழுந்த உருண்டைகள். அத்தனையும் ஒரு காலத்தில் கடல் தண்ணீரில் கரைந்திருந்தவை. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த கல்சியத்தையும் காபனேற்றையும் சிறு உயிர்கள் இழுத்தெடுத்துக் கட்டிய கல் அது.

வீட்டில் முருகைத் தொட்டி வைத்தால் அதே கட்டட வேலை உங்கள் கண்முன்னால் நடக்கும். கடலில் சரக்குத் தீராது. நூறு லீற்றர் தொட்டியில் இரண்டு மூன்று நாளிலேயே குறைவு தெரியும். எவ்வளவு குறைகிறது என்று அறிந்து, அந்த அளவை மெதுவாகத் திருப்பிக் கொடுப்பதுதான் நாங்கள் செய்ய வேண்டியது. உவர்மலையிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் தம்பிமார் என்னைக் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, லைட்டும் நல்லது, தண்ணியும் கண்ணாடி மாதிரி இருக்கு, ஏன் வளருதில்லை?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "கே.எச். எவ்வளவு?" தண்ணீரின் காரத்தன்மையைத்தான் கேட்கிறேன். அதற்குப் பதில் வருவது அரிது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்க முதல் ஒரு விஷயம். கடலிலிருந்து ஒரு துண்டு முருகைகூட எடுக்கக் கூடாது. புறாமலை 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பூங்காவுக்கு வெளியேயும் கல்முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. பண்ணையில் வளர்ந்து, உரிய பத்திரங்களோடு வரும் துண்டை மட்டும் வாங்குங்கள். எங்கள் கடலில் மிஞ்சியிருப்பது மிஞ்சியே இருக்கட்டும்.

இரண்டும் சேர்ந்தே போகும்

பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். முருகையின் எலும்புக்கூடு கல்சியம் காபனேற்று. அதைக் கட்ட ஒரு பங்கு கல்சியமும் இரண்டு பங்கு இருகாபனேற்றும் தண்ணீரிலிருந்து போகும். தண்ணீரில் இருகாபனேற்று எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நாங்கள் வைத்திருக்கும் அளவுதான் காரத்தன்மை. அதைத்தான் சோதனைப் பெட்டியில் கே.எச். என்றும் டி.கே.எச். என்றும் அச்சடித்திருப்பார்கள்.

விகிதம் மாறாது. காரத்தன்மை 1 டி.கே.எச். இறங்கினால் கல்சியம் ஏறத்தாழ 7 பி.பி.எம். (பத்து இலட்சத்துக்கு 7 பங்கு) இறங்கும். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கடல் தண்ணீரில் கல்சியம் 410, 420 பி.பி.எம். இருக்கிறது, காரத்தன்மையோ 7 டி.கே.எச். அளவுதான். 420 இல் 7 போனால் யாருக்கும் தெரியாது. 7 இல் 1 போவது பெரிய விழுக்காடு. ஆகவே தொட்டியில் முதலில் தள்ளாடுவது காரத்தன்மை. கல்சியத்தை மட்டும் அளந்து "420 இருக்கு, பிரச்சினை இல்லை" என்று இருந்தால், அதற்குள் கே.எச். 5 க்கு இறங்கியிருக்கும்.

வீட்டுத் தொட்டிக்கு நான் சொல்லும் எல்லைகள் இவை: காரத்தன்மை 7.5 இலிருந்து 9 வரை, கல்சியம் 400 இலிருந்து 450 வரை, மக்னீசியம் 1250 இலிருந்து 1350 வரை. அந்த எல்லைக்குள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைவிட, நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்பதுதான் முக்கியம். மாதக் கணக்கில் 7.6 இல் நிற்கும் தொட்டியில் முருகை வளரும். திங்கள் 7, வியாழன் 9.5 என்று ஆடும் தொட்டியில் அது வாடும்.

அளக்க முதல் உப்பைப் பாருங்கள்

உப்புத்தன்மை தவறாக இருந்தால் மற்ற எல்லா எண்ணும் பொய் சொல்லும். ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு இருக்க வேண்டிய தண்ணீர் 32 இல் இருந்தால், 420 ஆக இருக்க வேண்டிய கல்சியம் 384 என்று காட்டும். அங்கே கல்சியம் குறையவில்லை, உப்புத்தான் குறைந்திருக்கிறது. அதற்குப் போய்க் கல்சியம் போட்டால் குழப்பம் கூடும். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35, அல்லது ஒப்படர்த்தி 1.026, வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றப் பெட்டிகளைத் திறக்க வேண்டும்.

ஆவியாகிற தண்ணீருக்கு நல்ல தண்ணீரைத்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். குழாயில் குளோரின் இருக்கும், கரையோரக் கிணற்றில் என்ன கரைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்போது பல இடங்களில் ஆர்.ஓ. தண்ணீர், அதாவது கரைந்த உப்புகளை வடித்தெடுத்த தண்ணீர், விற்கிறார்கள். அது போதும்.

எங்களுக்குப் பக்கத்திலேயே கடல் இருப்பதால் பலர் கடல் தண்ணீரையே பாவிக்கிறார்கள். பாவிக்கலாம். கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்தெம்பர் வரையான காலத்தில், உப்புவெளி, நிலாவெளி போன்ற திறந்த கடல் பக்கத்தில் எடுங்கள். கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுவதால் மழைக்குப் பிறகு அங்கே உப்புக் குறைந்து சேறு கலந்திருக்கும். கப்பல் நிற்கும் உள்துறைமுகத் தண்ணீரும் வேண்டாம். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: கடல் தண்ணீரின் காரத்தன்மையே 7 அளவுதான். அதை எத்தனை வாளி மாற்றினாலும் தொட்டி அதற்கு மேல் ஏறாது.

ஒரே நேரம், ஒரே மாதிரி

காரத்தன்மை பார்க்கும் பெட்டியில் ஒரு சின்னக் குப்பி, ஒரு சிரிஞ்சி, ஒரு நிறச் சொட்டு மருந்து, ஓர் அமிலக் கரைசல் இருக்கும். தொட்டித் தண்ணீரைக் குறித்த அளவுக்கு எடுத்து, நிறச் சொட்டை விட்டால் நீலப்பச்சையாகும். அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குப்பியைச் சுழற்ற வேண்டும். நெடுநேரம் ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு சொட்டு விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு ஒரு நூல் மாதிரி ஓடி, சுழற்றியதும் மறையும். அங்கே நிதானியுங்கள். அடுத்த சொட்டில், அல்லது அதற்கடுத்ததில், குப்பி முழுக்க இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்கும். அதுதான் அளவு. குப்பிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்துப் பார்த்தால் கண் ஏமாறாது. சில கம்பனிப் பெட்டிகளில் நிறம் வேறு மாதிரி மாறும். உள்ளே இருக்கும் தாளை வாசியுங்கள். கல்சியம் பெட்டி பெரும்பாலும் இளஞ்சிவப்பிலிருந்து நீலத்துக்குப் போகும்.

பெட்டி சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு லீற்றர் ஆர்.ஓ. தண்ணீரில் 3 கிராம் அப்பச்சோடாவைக் கரையுங்கள். அதிலிருந்து 100 மில்லிலீற்றர் எடுத்து, இன்னும் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு ஒரு லீற்றராக்குங்கள். அந்தத் தண்ணீரின் காரத்தன்மை 10 டி.கே.எச். உங்கள் பெட்டி 10 க்குப் பக்கத்தில் காட்டினால் நம்பலாம். 8 என்றோ 12 என்றோ காட்டினால் பெட்டி பழுது. வெயிலில் பிரயாணப்பட்டு வந்த பெட்டிகளை வாங்குகிற எங்களுக்கு இந்தச் சோதனை அவசியம்.

அளக்கும் நேரத்தை மாற்றாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போது முருகை வேகமாகக் கட்டும், இரவில் மெதுவாக. காலையில் ஒரு நாள், இரவில் ஒரு நாள் என்று அளந்தால் எண்களை ஒப்பிட முடியாது. நான் பின்னேரம் ஆறு மணிக்குப் பார்க்கிறேன்.

இப்போது முதற்படி. ஒன்றுமே போடாமல் மூன்று நாள் விடுங்கள். திங்கள் ஆறு மணிக்கு 8.4, வியாழன் ஆறு மணிக்கு 7.5 என்று வைத்துக்கொள்வோம். மூன்று நாளில் 0.9 போயிருக்கிறது, அதாவது நாளுக்கு 0.3. இதுதான் உங்கள் தொட்டியின் பசி. இதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். கல் எலும்புக்கூடு கட்டாத மென்முருகையும் பொத்தான் முருகையும் மட்டும் இருக்கும் தொட்டியில் இது 0 க்குப் பக்கத்தில் வரும். அப்படியானால் வாரம் பத்து வீதம் தண்ணீர் மாற்றினால் போதும், இதற்கு மேல் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. கல்முருகை உள்ள தொட்டிக்குத் தண்ணீர் மாற்றம் போதாது. 7.5 இல் இருக்கும் தொட்டியில் 9 டி.கே.எச். உப்புத் தண்ணீரைப் பத்து வீதம் மாற்றினால் ஏறுவது 0.15 மட்டும். தொட்டி அதை அரை நாளில் தின்றுவிடும்.

அப்பச்சோடாவும் கல்சியம் குளோரைட்டும்

அப்பத்துக்கும் கேக்குக்கும் போடும் அப்பச்சோடாதான் சோடியம் இருகாபனேற்று. வெறும் அப்பச்சோடாவா என்று பெயரைப் பார்த்து வாங்குங்கள். பேக்கிங் பவுடர் வேறு சாமான். அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், தொட்டிக்கு ஆகாது. கல்சியம் குளோரைட்டு, உணவுத் தரத்தில், கொழும்பிலுள்ள இரசாயனக் கடைகளில் கேட்டு எடுப்பிக்கலாம். பக்கெட்டில் "டைஹைட்ரேட்" என்று இருந்தால் கீழே சொல்லும் கணக்கு அப்படியே பொருந்தும்.

இரண்டு சுத்தமான ஒரு லீற்றர் போத்தல் எடுங்கள். ஒன்றில் 60 கிராம் அப்பச்சோடா, மற்றதில் 52 கிராம் கல்சியம் குளோரைட்டு. ஒவ்வொன்றையும் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஒரு லீற்றராக்குங்கள். கல்சியம் குளோரைட்டு கரையும்போது போத்தல் கொஞ்சம் சூடாகும். முதலில் தண்ணீர், அதற்குள் தூள், கொஞ்சம் கொஞ்சமாக. இந்த அளவில் கரைத்தால் இரண்டிலும் சம அளவு விட்டாலே முருகை எடுக்கும் விகிதம் தானாக அமைந்துவிடும். நூறு லீற்றர் தண்ணீருக்கு ஒவ்வொன்றிலும் 50 மில்லிலீற்றர் விட்டால் காரத்தன்மை 1 டி.கே.எச்., கல்சியம் 7 பி.பி.எம். ஏறும். நாளுக்கு 0.3 தின்னும் தொட்டிக்கு ஒவ்வொன்றிலும் 15 மில்லிலீற்றர். உங்கள் தொட்டி 200 லீற்றர் என்றால் இரட்டிப்பு. கல்லும் மணலும் பிடித்துக்கொண்ட இடத்தைக் கழித்து, உண்மையான தண்ணீரின் அளவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

கல்சியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எங்கள் கடற்காற்றில் பக்கெட்டை இரவு திறந்து வைத்தால் காலையில் கூழாகிக் கிடக்கும், பிறகு அதை நிறுத்துப் பயனில்லை. திறந்த அன்றே முழுப் பக்கெட்டையும் நிறுத்துக் கரைத்துப் போத்தல்களில் அடைத்து, பெயர் எழுதி வைப்பது நல்லது. சமையலறைத் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வேண்டும்.

இரண்டையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. ஒருமுறை யாழ்ப்பாணத்தில் கலியாணத்துக்குப் போய் ஒரு கிழமை கழித்து வந்தபோது என் தொட்டியில் கே.எச். 6.2 க்கு இறங்கியிருந்தது. பதறிப்போய் அன்றிரவே 9 ஆக்க நினைத்து, அப்பச்சோடாக் கரைசலை ஊற்றி, அது கலந்து முடிய முதல் அதே இடத்தில் கல்சியத்தையும் ஊற்றினேன். விழுந்த இடத்தில் தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்தது. சில நிமிடத்தில் முழுத் தொட்டியும் பால். கல்சியமும் காபனேற்றும் முருகைக்குள் போகாமல் தண்ணீரிலேயே சேர்ந்து சுண்ணாம்புத் தூளாகப் படிந்துவிட்டன. காலையில் பம்பின் சுழலியிலும் கண்ணாடியிலும் வெள்ளைத் தோல். மூன்றாம் நாள் அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல்முருகையின் நுனிகள் எரிந்த மாதிரி வெளுத்தன. அது தேறி நிறம் பிடிக்க மூன்று மாதம் எடுத்தது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பதும் உங்களிடம் வற்புறுத்துவதும் இதுதான்: நாளுக்கு 1 டி.கே.எச். க்கு மேல் ஏற்றாதீர்கள், அரை என்றால் இன்னும் நல்லது. கல்சியம் நாளுக்கு 20, 25 பி.பி.எம். போதும். காலையில் அப்பச்சோடா, பின்னேரம் கல்சியம். இரண்டையும் பம்பின் ஓட்டம் பலமான இடத்தில், மெல்லிய தாரையாக விடுங்கள். கீழே இறங்கியிருக்கும் தொட்டியை ஒரு கிழமை எடுத்து மேலே கொண்டுவரலாம், அவசரமில்லை. ஊருக்குப் போகும் நாட்களுக்கு, குறித்த அளவைத் தானாக விடும் டோசிங் பம்ப் உதவும். கரண்ட் போய் வந்தால் அதன் மணிக்கூடு மாறாமல் நிற்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

சுண்ணாம்புத் தண்ணீர்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. இலங்கைக் கரையோரங்களில் ஒரு காலத்தில் முருகைக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கி வீடு கட்டினார்கள். அந்த வேலை எத்தனையோ பாறைகளைத் தின்றது. சுட்ட கல்லை நீற்றினால் வருவது கல்சியம் ஐதரொட்சைட்டு. அதே பொருளைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டிக்குள் சொட்ட விட்டால், அது தண்ணீரிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் முருகையாகிறது. கல்சியமும் காரத்தன்மையும் சரியான விகிதத்தில் ஒரே போத்தலில். பி.எச். உம் கொஞ்சம் உயரும், அது முருகைக்கு நல்லது.

ஒரு லீற்றர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 1.5 கிராம் உணவுத் தரக் கல்சியம் ஐதரொட்சைட்டு. மூடிக் குலுக்கி ஓரிரு மணித்தியாலம் வையுங்கள். அடியில் வண்டல் படியும், மேலே தெளிவான தண்ணீர் நிற்கும். அந்தத் தெளிவை மட்டும் எடுங்கள். மூடியைத் திறந்து வைத்தால் காற்றுப் பட்டு மேலே மெல்லிய ஏடு கட்டும், கட்டியது வீண். நூறு லீற்றருக்கு ஒரு லீற்றர் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் கொடுத்தால் ஏறத்தாழ 1.1 டி.கே.எச்., 8 பி.பி.எம். கல்சியம் கிடைக்கும். நாளுக்கு 0.3 தின்னும் தொட்டிக்குக் கால் லீற்றர் போதும். ஆவியான தண்ணீருக்குப் பதிலாக இதை விடுவதால் உப்பும் மாறாது.

கவனம் வேண்டும். அதன் பி.எச். 12 க்கு மேல். கண்ணில் பட்டால் ஆபத்து, சின்னப் பிள்ளைகள் எட்டாத இடத்தில் வையுங்கள். தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாகத்தான் விழ வேண்டும், செகண்டுக்கு ஒரு சொட்டு என்ற கணக்கில். சேலைன் குழாய் ஒன்றைப் பாமசியில் வாங்கி, போத்தலில் செருகி, சக்கரத்தால் சொட்டைக் கட்டுப்படுத்தலாம். பி.எச். தாழ்ந்திருக்கும் இரவு நேரம் நல்லது. 8.5 க்கு மேல் ஏறினால் நிறுத்துங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைப் பாவிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு பழசு என்று தெரியாமல் உயிருள்ள தொட்டிக்குள் விட முடியாது.

கச்சானும் வாடையும்

வெளிநாட்டுப் புத்தகங்களில் இது இருக்காது. தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கும் மாதங்களில் எங்கள் வீட்டு அறையே 30 பாகையைத் தாண்டும். தொட்டியை 26, 27 க்குள் வைக்க மேலே சின்ன ஃபேன் பிடிப்போம். வறண்ட காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும், அந்த இடத்துக்கு நிறையச் சுண்ணாம்புத் தண்ணீர் விடலாம். எல்லாம் நன்றாகப் போகும். பிறகு வடகீழ்க் காற்றான வாடை தொடங்கி மழை இறங்கும். காற்றில் ஈரம் கூடும், ஃபேனையும் நிறுத்திவிடுவோம். ஆவியாவது பாதியாகும். சுண்ணாம்புத் தண்ணீரைத் தானியங்கி நிரப்பியில் வைத்திருப்பவர்களின் தொட்டிக்குள் போகும் சுண்ணாம்பும் அதோடு பாதியாகும், முருகையின் பசியோ அவ்வளவு குறையாது. கார்த்திகை மார்கழியில் காரணம் தெரியாமல் கே.எச். இறங்குகிறது என்று சொல்பவர்களின் தொட்டியில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. காற்று மாறும் கிழமைகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் அளந்து, குறைகிறதைப் போத்தல் கரைசலால் நிரப்புங்கள். பங்குனி சித்திரையில் அறை சூடேறும்போது மறுபடியும் அப்படியே.

எண் ஏறாமல் நின்றால்

விகிதப்படி கொடுத்தும் இரண்டும் ஏறவில்லை, சூடாக்கியிலும் பம்பிலும் வெள்ளைப் படிவம் கட்டுகிறது என்றால் மக்னீசியத்தைப் பாருங்கள். கல்சியமும் காபனேற்றும் தண்ணீரிலேயே கல்லாகிவிடாமல் தடுப்பது மக்னீசியம். 1200 க்குக் கீழே போனால் நீங்கள் போடுவதெல்லாம் பம்பில்தான் ஒட்டும். நூறு லீற்றரில் 10 பி.பி.எம். ஏற்ற 8.4 கிராம் மக்னீசியம் குளோரைட்டு ஹெக்ஸாஹைட்ரேட், அல்லது 10 கிராம் எப்சம் உப்பு வேண்டும். பெரிய குறைவென்றால் குளோரைட்டே நல்லது. மாதம் ஒருமுறை அளந்தால் போதும், அது மெதுவாகத்தான் இறங்கும். படிவம் கட்டிய பம்பை வினாகிரியும் தண்ணீரும் பாதிபாதி கலந்து ஒரு மணித்தியாலம் ஊற வைத்தால் நுரைத்துக் கழன்றுவிடும்.

பி.எச். எப்போதும் 7.8 க்குக் கீழே நிற்கிறது என்றால், ஏசி போட்டு அடைத்த அறையில் மூச்சுக்காற்றின் காபனீரொட்சைட்டு சேர்ந்திருக்கும். முதலில் ஜன்னலைத் திறந்து பாருங்கள். அப்பச்சோடாவை 180 பாகைச் சூட்டில் ஓவனில் ஒரு மணித்தியாலம் வைத்தால் சோடியம் காபனேற்றாகும், 60 கிராம் 38 கிராமாகக் குறையும். அந்த 38 கிராமை அதே ஒரு லீற்றரில் கரைத்தால் காரத்தன்மைக் கணக்கு மாறாது, பி.எச். மட்டும் கூடுதலாக உயரும். அதனால் இன்னும் மெதுவாக விட வேண்டும்.

புதுத் துண்டு ஒன்று வைத்தால், லைட்டைக் கூட்டினால், பழைய முருகை நன்றாகக் கிளைவிட்டால், பசி மாறும். கொப்பியை எடுத்து, மூன்று நாள் அளவை மறுபடி எடுங்கள். பின்கண்ணாடியில் ஊதாநிறப் புள்ளிகள் பரவத் தொடங்கினால் அது கொரலைன் பாசி. சுரண்டாதீர்கள், தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆனால் அதுவும் சுண்ணாம்பு கட்டுகிற உயிர்தான். முழுக் கண்ணாடியையும் மூடும்போது அதன் பங்கு கே.எச். இல் தெரியும். அந்தக் கிழமை 15 மில்லிலீற்றரை 20 ஆக்க வேண்டி வரலாம்.